பிறர் நலம் காக்கும் முகக்கவரி

‘ஊர் வாயை மூட உலைமூடி இல்லை’ என்பது பழமொழி. பேசும் வாயை எவராலும் அடைக்க முடியாது என்பதே அதன் பொருள். ஆயினும், 2020ஆம் ஆண்டில் ஊர் வாய் மட்டுமன்று, உலகத்தின் வாயே மூடிக்கொண்டது. கோல சிலாங்கூர் மாவட்டத்தில், ஜெராம் வட்டாரத்துக் கடலோரத்தில் அமைந்துள்ள சுங்கை செம்பிலாங்கும் அதற்கு விலக்கன்று. மீன் வாங்கச் சென்றோரும், செம்பனைத் தோட்ட வேலைக்குப் புறப்பட்டோரும், கோயில் வாசலில் நின்றோரும் முகக்கவரி அணிந்தே காணப்பட்டனர். கண்களை மட்டும் பார்த்து ஆளை அடையாளம் காண மக்கள் பழகிக்கொண்டனர்.

இன்று அந்தக் காட்சி பெரும்பாலும் மறைந்துவிட்டது. மலேசியாவில் திறந்தவெளியில் முகக்கவரி அணியும் கட்டாயம் 2022 மே 1ஆம் நாள் நீங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் கட்டடங்களுக்குள்ளும் அக்கட்டாயம் தளர்த்தப்பட்டது. 2023 ஜூலையில் பொதுப் போக்குவரத்துக்கும் பெரும்பாலும் விலக்கு அளிக்கப்பட்டது. சட்டம் விலகிய பின்னர், ‘இனி முகக்கவரி எதற்கு?’ என்று கேட்போர் பலர். சட்டம் விலகலாம், நோய் விலகுவதில்லை. அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்பதை எவரும் அறியார். எனவே, பொது இடங்களில் முகக்கவரி அணியும் வழக்கத்தை மக்கள் விரும்பி ஏற்கச் செய்வது எப்படி என்பது இன்றும் சிந்திக்க வேண்டிய கேள்வியே.

இரண்டு காலம், இரண்டு முகக்கவரி

கோல சிலாங்கூர் மக்களுக்கு முகக்கவரி 2020இல் புதிதாக அறிமுகமான பொருள் அன்று. 2005 ஆகஸ்டு மாதத்தில், சுமத்திராவில் மூண்ட காட்டுத் தீயால் கடும் புகைமூட்டம் மேற்குக் கரையைச் சூழ்ந்தது. காற்று மாசுக் குறியீடு 500ஐத் தாண்டியதால், ஆகஸ்டு 11ஆம் நாள் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பள்ளிகள் மூடப்பட்டன. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. அப்போது மக்களிடம் முகக்கவரி அணியுமாறு எவரும் மன்றாட வேண்டியிருக்கவில்லை. புகை கண்ணுக்குத் தெரிந்தது. அதன் தீங்கு உடனே உறைத்தது. தம்மைக் காத்துக்கொள்ள மக்கள் தாமாகவே முகக்கவரியைத் தேடினர்.

கோவிட்-19 பெருந்தொற்றின் நிலையோ வேறு. நச்சுயிரி கண்ணுக்குத் தெரியாது. அது உடலில் புகுந்த பின்னரும் பலருக்கு இருமலோ காய்ச்சலோ உடனே தோன்றுவதில்லை. நலமாக இருப்பதாக எண்ணிக்கொண்டிருப்பவரே நோயைப் பரப்பக்கூடும். பேசும்போதும் இருமும்போதும் தும்மும்போதும் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் வெளிப்படும் நுண்துளிகளே நோய்க்கு வாகனம். முகக்கவரி அத்துளிகளை அவை புறப்படும் இடத்திலேயே பெருமளவில் தடுத்து நிறுத்துகின்றது.

இவ்விரண்டு காலங்களுக்கும் இடையிலான வேறுபாட்டை உணர்வது இன்றியமையாதது. புகைமூட்டத்தில் முகக்கவரி அணியாதவர் தம் நெஞ்சுக்குத் தாமே தீங்கு செய்துகொள்கின்றார். தொற்றுக் காலத்தில் அணியாதவர் செய்யும் தீங்கு, பல வேளைகளில் அடுத்தவர் வீட்டில் போய் விளைகின்றது. இளைஞர் ஒருவருக்கு அது இரண்டு நாள் காய்ச்சலோடு போய்விடலாம். ‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று’ என்று அவர் நிம்மதி அடையலாம். ஆனால், அவரிடமிருந்து அந்நோயைப் பெற்ற பாட்டிக்கு மூச்சே நின்றுபோகலாம். மலேசியாவில் கோவிட்-19 நோயால் 37,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும் பகுதியினர் முதியோரும் ஏற்கெனவே நீரிழிவு, இரத்தக் கொதிப்பு போன்ற நோய் உள்ளோரும் ஆவர்.

‘என் உடல், என் விருப்பம், எனக்குப் பயமில்லை’ என்னும் வாதம் இங்கேதான் பொருளிழக்கின்றது. துணிச்சல் என்பது தனக்கு வரும் ஆபத்தை ஏற்பது. பிறருக்கு வரும் ஆபத்தை அவரைக் கேளாமலே ஏற்பது துணிச்சல் ஆகாது.

பினாங்கு தந்த மருத்துவர்

முகக்கவரியின் வரலாற்றில் இந்நாட்டுக்குப் பெருமை தரும் பக்கம் ஒன்று உண்டு. 1879இல் பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியன் டே, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றவர். 1910ஆம் ஆண்டின் இறுதியில் சீனாவின் வடகிழக்கே மஞ்சூரியாவில் கொடிய கொள்ளைநோய் பரவியபோது, அதனைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்நோய் எலிகளாலும் தெள்ளுப்பூச்சிகளாலும் மட்டுமே பரவும் என்று அக்காலத்து மருத்துவர் பலர் நம்பினர். மூச்சுக்காற்றின் வழியாக மனிதரிடமிருந்து மனிதருக்கு அது நேராகப் பரவுகின்றது என்பதை வூ கண்டறிந்தார். மெல்லிய வலைத்துணிக்கு நடுவே பஞ்சை வைத்து எளிய முகக்கவரி ஒன்றை அமைத்து, மருத்துவப் பணியாளர்களை அணியச் செய்தார்.

எல்லாரும் அதை உடனே ஏற்கவில்லை. அனுபவம் மிக்க பிரெஞ்சு மருத்துவர் மெனி, இளையவரான வூவின் கருத்தைப் புறக்கணித்து, முகக்கவரி அணியாமலே நோயாளிகளைப் பரிசோதித்தார். சில நாள்களில் அந்நோய்க்கே அவர் பலியானார். அதன் பின்னரே முகக்கவரியின் அருமையைப் பலரும் உணர்ந்தனர். ஏறக்குறைய 60,000 பேரைக் கொன்ற அந்தக் கொள்ளைநோய், முகக்கவரி, நோயாளிகளைத் தனிமைப்படுத்துதல், பயணக் கட்டுப்பாடு ஆகிய நடவடிக்கைகளால் 1911இன் தொடக்க மாதங்களிலேயே அடங்கியது. கற்றவர்கூட முகக்கவரியை மறுத்தார் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது. மறுப்பவர் அனைவரும் அறியாதவர் அல்லர். அவர்களை இணங்கச் செய்வதற்கு அறிவுரை மட்டும் போதாது.

தண்டத்தின் எல்லை

மலேசிய அரசாங்கம் 2020 ஆகஸ்டு 1ஆம் நாள் முதல் பொதுப் போக்குவரத்திலும் நெரிசலான பொது இடங்களிலும் முகக்கவரியைக் கட்டாயமாக்கியது. தொற்று நோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 1988இன் கீழ், மீறுவோருக்கு 1,000 ரிங்கிட் தண்டம் விதிக்க முடிந்தது. 2021 மார்ச்சு மாதத்தில், இத்தகைய விதிமீறல்களுக்கான உச்சத் தண்டம் 10,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது.

பெருந்தொற்றின் நெருக்கடியில் சட்டம் தேவைப்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. கடைக்குள் நுழையும் ஒவ்வொருவரும் முகக்கவரி அணிந்தமைக்குச் சட்டமும் ஒரு காரணம். ஆயினும், தண்டம் எல்லாரையும் ஒரே அளவில் சுடுவதில்லை. 2020இல், பெரிய நகராட்சிப் பகுதிகளுக்கு வெளியே குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,100 ரிங்கிட்டாக இருந்தது. தோட்டத்தில் அந்தச் சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு, ஒருமுறை விதிக்கப்படும் தண்டமே ஏறத்தாழ ஒரு மாத உழைப்பை விழுங்கிவிடும். வசதி படைத்தவருக்கோ அது ஒரு நாள் செலவு.

முகக்கவரியின் விலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கட்டாயம் நடைமுறைக்கு வந்த நாளில், மூன்றடுக்கு முகக்கவரி ஒன்றின் உச்சவரம்பு விலை 1.50 ரிங்கிட். வெளியே செல்லும் நால்வர் உள்ள குடும்பம், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்று எனப் பயன்படுத்தினால், மாதத்துக்கு 180 ரிங்கிட் வேண்டும். 1,100 ரிங்கிட் சம்பளத்தில் அது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அரிசிக்கும் பாலுக்கும் ஒதுக்கிய பணத்தைக் குப்பைத் தொட்டியில் போடுவது போல அக்குடும்பம் உணர்ந்தால், அதில் வியப்பில்லை. ஒரே முகக்கவரியைத் துவைத்து, உலர்த்தி, பல நாள் அணிந்தோரை அலட்சியக்காரர் என்று பழிப்பது நியாயமாகாது. அரசாங்கம் உச்சவரம்பைப் படிப்படியாகக் குறைத்து, 2020 நவம்பர் 1 முதல் 70 சென்னாக்கியது. அப்போது அதே குடும்பத்தின் மாதச் செலவு 84 ரிங்கிட்டாகக் குறைந்தது. தண்டத்தைக் கூட்டுவதைப் போலவே விலையைக் குறைப்பதும் மக்களை முகக்கவரி அணியச் செய்யும் வழிதான். அதுவே அன்பான வழியும்கூட.

ஏன் அணிவதில்லை?

மக்களை ஊக்குவிக்க விரும்புவோர், அவர்கள் அணியாததற்கான காரணங்களை முதலில் கேட்டறிதல் வேண்டும். அவற்றுள் முதன்மையானது வெப்பம். வடசிலாங்கூரின் வெயிலில், செம்பனைக் குலை வெட்டுபவரும் உரம் போடுபவரும் வியர்வையில் நனைகின்றனர். நனைந்த முகக்கவரியின் வழியே மூச்சுவிடுவது எளிதன்று. தோட்டங்களில் களைக்கொல்லி மருந்து அடிக்கும் பெண்கள் இதைப் பெருந்தொற்றுக்கு முன்பே நன்கு அறிந்தவர்கள். பாதுகாப்புக் கவசம் அணிந்தால் மூச்சு முட்டும். அணியாவிட்டால் நஞ்சு நெஞ்சில் இறங்கும். அவர்களுக்குத் தேவைப்பட்டது வசைமொழி அன்று. தரமான கவசமும் இடையிடையே ஓய்வும் நிழலுமே.

இரண்டாவது காரணம் குழப்பம். 2020இன் தொடக்கத்தில், நலமாக இருப்போர் முகக்கவரி அணியத் தேவையில்லை என்றே உலகச் சுகாதார நிறுவனம் கூறிவந்தது. அதே ஆண்டு ஜூன் 5ஆம் நாள், நோய் பரவியுள்ள இடங்களில் இடைவெளி காக்க இயலாத சூழல்களில் பொதுமக்களும் அணிய வேண்டுமென்று தன் வழிகாட்டலை மாற்றிக்கொண்டது. ‘நேற்று வேண்டாம் என்றவர்கள் இன்று வேண்டும் என்கின்றார்களே’ என்று மக்கள் ஐயுற்றனர். அறிகுறி இல்லாதவரும் நோயைப் பரப்புவர் என்பது போகப்போகத்தான் உறுதியானது. தொடக்கத்தில் நிலவிய தட்டுப்பாட்டால், மருத்துவப் பணியாளர்களுக்கு முகக்கவரி கிடைக்காமல் போகுமோ என்ற அச்சமும் இருந்தது. அறிவியல் புதிய சான்றைக் கண்டதும் தன்னைத் திருத்திக்கொள்கின்றது. இந்த உண்மையைத் தெளிவாகவும் பணிவாகவும் எடுத்துரைத்திருந்தால், ஐயம் வதந்தியாக வளர்ந்திருக்காது.

மூன்றாவது காரணம் கூச்சம். பக்கத்து வீட்டு அக்காவிடம் முகத்தை மூடிக்கொண்டு பேசினால், ‘என்னை நோயாளி என்று நினைக்கிறாயா?’ என்று அவர் கேட்டுவிடுவாரோ என்று பலர் தயங்குகின்றனர். துக்க வீட்டில் கட்டியணைத்து அழுவதே உறவின் அடையாளம் எனப் பழகியவர்களுக்கு, முகக்கவரி ஒரு வேலியாகத் தோன்றுகின்றது. இந்தத் தயக்கம் பாசத்தால் விளைவது. அதைப் பாசத்தைக் கொண்டே மாற்ற வேண்டும்.

ஊக்குவிக்கும் முறை

மக்களை எவ்வாறு இணங்கச் செய்யலாம் என்பதற்கு வங்காளதேசம் சிறந்த சான்று தருகின்றது. 2020 நவம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை, அந்நாட்டின் 600 கிராமங்களில் ஏறக்குறைய 340,000 பேரைக் கொண்டு விரிவான ஆய்வொன்று நடத்தப்பட்டது. அவற்றுள் ஒரு பாதிக் கிராமங்களில் நான்கு செயல்கள் ஒருங்கே மேற்கொள்ளப்பட்டன. வீடுதோறும் இலவசமாக முகக்கவரி வழங்கப்பட்டது. அதன் பயன் எளிய முறையில் விளக்கப்பட்டது. சமயத் தலைவர்களும் ஊர்ப் பெரியவர்களும் தாமே அணிந்து வழிகாட்டினர். சந்தையிலும் தெருவிலும் அணியாமல் வந்தவரிடம் தொண்டர்கள் நேரில் அன்போடு நினைவூட்டினர்.

விளைவு என்ன? மற்றக் கிராமங்களில் 100 பேரில் 13 பேரே முறையாக முகக்கவரி அணிந்தனர். இந்தக் கிராமங்களிலோ 42 பேர் அணிந்தனர். மருத்துவ முகக்கவரி வழங்கப்பட்ட ஊர்களில், அறிகுறியோடு கூடிய கோவிட்-19 தொற்று 11 விழுக்காடு குறைந்தது. 60 வயதைக் கடந்தோரிடையே 35 விழுக்காடு குறைந்தது. கைப்பேசிக் குறுஞ்செய்திகளும் ஊருக்குப் பரிசு தருவதாகக் கூறிய அறிவிப்பும் கூடுதல் பயன் தரவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. மனிதர் மனிதரிடம் நேரில் வந்து சொன்னதே மனத்தை மாற்றியது.

துணியாலான முகக்கவரிகளால் இதே அளவு தெளிவான பயன் அந்த ஆய்வில் காணப்படவில்லை. முகக்கவரி மாயக் கவசமும் அன்று. கை கழுவுதல், கூடல் இடைவெளி, காற்றோட்டம், தடுப்பூசி ஆகியவற்றோடு சேர்ந்தே அது பயன் தருகின்றது. இருப்பினும், மக்கள்தொகையில் பாதிப்பேருக்கும் குறைவானோர் அணிந்தபோதே முதியோர் இத்தனை பேர் காக்கப்பட்டனர் என்றால், இன்னும் பலர் அணிந்திருந்தால் எத்தனை உயிர்கள் பிழைத்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இந்த முறை சுங்கை செம்பிலாங் போன்ற ஊருக்கு நன்கு பொருந்தும். இங்கு ஒருவரை ஒருவர் அறிவர். தோட்டத்தில் ஒருவர் சொன்னால் கேட்கும் வழக்கம் இன்னும் இருக்கின்றது. கோயில் தலைவர் முகக்கவரி அணிந்து வாசலில் நின்றாலே பக்தர்கள் புரிந்துகொள்வர். நுழைவாயிலில் ஒரு பெட்டி முகக்கவரியை வைத்து, ‘மறந்து வந்துவிட்டீர்களா? இதோ எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்வது, ‘அணியாதோர் உள்ளே வரக்கூடாது’ என்னும் அறிவிப்புப் பலகையைவிட வலிமை வாய்ந்தது. துக்க வீட்டாரே வருவோருக்கு முகக்கவரி வழங்கினால் எவருக்கும் கூச்சம் எழாது. மளிகைக்கடைக்காரர், பள்ளி வேன் ஓட்டுநர், தோட்டக் கங்காணி ஆகியோர் அணிந்தால், அவர்களை நாள்தோறும் காணும் நூறு பேர் அணிவர்.

மாணவர்களின் பங்கும் சிறியதன்று. ‘தாத்தா, கிளினிக்கில் நிறைய பேர் இருமிக்கொண்டு இருப்பார்கள், இதைப் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று பேரப்பிள்ளை நீட்டும் முகக்கவரியை எந்தத் தாத்தாவும் தட்டமாட்டார். அரசாங்கத்தின் ஆணையைவிடப் பேரப்பிள்ளையின் வேண்டுகோளுக்கு வீட்டில் மதிப்பு அதிகம்.

மறுப்புகளும் விடைகளும்

முகக்கவரியால் தொல்லை இல்லை என்று கூறிவிட முடியாது. செவித்திறன் குறைந்தோர் உதட்டசைவைக் கண்டே பேச்சைப் புரிந்துகொள்கின்றனர். அத்தகையோரிடம் பேசுபவர் சற்று விலகி நின்று முகக்கவரியை இறக்கிப் பேசலாம், எழுதியும் காட்டலாம். கைக்குழந்தைகளுக்கும் மூச்சுத்திணறல் உடையோருக்கும் அதைத் திணிக்கக்கூடாது. தனியாகக் காற்றோட்டமான வயலிலோ தோட்டத்திலோ வேலை செய்பவருக்கு அது தேவையுமில்லை. எங்கே, எப்போது தேவை என்பதைப் பிரித்தறிந்து சொன்னால்தான் மக்கள் நம்புவர். எல்லா இடத்திலும் எந்நேரமும் வேண்டும் என்று வற்புறுத்தினால், தேவையான இடத்திலும் கழற்றிவிடுவர்.

கழிவு மற்றொரு கவலை. மருத்துவ முகக்கவரி பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்னும் நெகிழியால் ஆனது. வடிகாலில் வீசப்படும் முகக்கவரி ஆற்றின் வழியாகக் கடலைச் சேர்கின்றது. கடலை நம்பி வாழும் ஊர், தன் உடல்நலத்தைக் காக்கும் பொருளாலேயே தன் கடலைக் கெடுத்துக்கொள்வது பொருந்தாது. பயன்படுத்தியதன் காதுப்பட்டைகளை வெட்டி, மடித்து, மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடுவதும் முகக்கவரி ஒழுக்கத்தின் ஒரு பகுதியே.

சட்டம் இல்லாத நாள்

இன்று முகக்கவரி அணியாத எவரையும் யாரும் தண்டிப்பதில்லை. இந்நாளில்தான் ஒருவரது அக்கறை மெய்யாகச் சோதிக்கப்படுகின்றது. சளிக்காய்ச்சல் ஆண்டு முழுவதும் உண்டு. மலேசியாவில் ஆண்டுதோறும் 20,000க்கும் மேற்பட்டோர் காசநோயால் பாதிக்கப்படுகின்றனர். அதுவும் காற்றின் வழியே பரவும் நோய்தான். தொடர்ந்து இருமுபவர் முகக்கவரி அணிந்து மருத்துவப் பரிசோதனைக்குச் செல்வதும், காய்ச்சலோடு பேருந்து ஏறுபவர் வாயையும் மூக்கையும் மூடிக்கொள்வதும், நோயாளியைக் காணச் செல்பவர் முகக்கவரி அணிவதும் பழக்கமாகிவிட்டால், அடுத்த பெருந்தொற்று வரும் நாளில் புதிதாகக் கற்பிக்க வேண்டியது ஏதுமிராது. ஜப்பானில் சளி பிடித்தவர் முகக்கவரி அணிவது பெருந்தொற்றுக்கு முன்பே இயல்பான நாகரிகமாக இருந்தது. அங்கு அதை யாரும் நோயாளியின் முத்திரையாகக் கருதுவதில்லை.

ஆக, மக்களை முகக்கவரி அணியச் செய்யும் வழி அச்சுறுத்தல் மட்டுமன்று. வாங்கும் விலையில் அது கிடைக்க வேண்டும். காரணம் நேர்மையாகச் சொல்லப்பட வேண்டும். பெரியவர்கள் முன்னின்று அணிய வேண்டும். மறந்தவருக்கு அன்போடு நினைவூட்ட வேண்டும். வீட்டை விட்டுப் புறப்படும்போது குடையை எடுப்பவர் தாம் நனையாதிருக்க எடுக்கின்றார். இருமலோடு புறப்படுபவர் எடுக்கும் முகக்கவரியோ, பேருந்தில் பக்கத்து இருக்கையில் அமரப்போகும், பெயரும் தெரியாத ஒரு பாட்டிக்காக எடுக்கப்படுவது. பாட்டி அதற்கு நன்றி சொல்லப் போவதில்லை; தாம் காக்கப்பட்டதையே அவர் அறியமாட்டார். அவ்வாறு அறியப்படாமலே செய்யும் உதவிதான் ஓர் ஊரை வாழ வைக்கின்றது.